லிஃப்ட் வரும்வரை

லிஃப்ட் கீழ்த்தளத்தில் நின்றுகொண்டு மேலே வருவேனா என்று அழிச்சாட்டியம் செய்துகொண்டிருந்த நேரத்தில்தான் அவளுடைய போனில் அந்த மெயில் வந்து விழுந்தது.

அப்பா ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். இதய அறுவை சிகிச்சை. எதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளும்மா என்று டாக்டர் காலையிலேயே அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை. காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர். கண்ணை மூடிக்கொண்டு, கீழேயிருந்து வரும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தமே சரியில்லையே. இத நம்பியா சிஸ்டர் என்னைக் கீழ அனுப்புறீங்க?"

நர்ஸ் சிரித்துவிட்டாள்.

இவள் மெயிலை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள். நிதிப் பிரிவில் முழுநேர வேலை. முதல் தேதியன்று வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். செருப்புத் தேய அவள் ஏறி இறங்கிய கம்பெனிகளில் ஒன்று கடைசியில் மனம் இரங்கிவிட்டது.

துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஸ்ட்ரெச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

கல்லூரிக் கடைசி வருடம் இன்டர்ன்ஷிப் என்று ஒரு நிதி நிறுவனத்துக்குப் போனாள். அங்கே அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர்கூடக் கொடுக்கவில்லை. பிரிண்டர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, பேப்பர் தீர்ந்தால் நிரப்பு, சிக்கினால் இழு என்றார்கள். பெயரைக்கூட யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. 'ஏ-ஃபோர்' என்றே கூப்பிட்டார்கள். ஏ-ஃபோர், ரெண்டு காப்பி எடு. ஏ-ஃபோர், அந்தக் கதவைச் சாத்து.

முதல் நாள் பாத்ரூமில் நின்று அழுதுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். அப்பா கையிலிருந்த கிரீஸைக்கூடக் கழுவாமல், இன்னிக்கு என்ன வேலை குடுத்தாங்க என்று ஓடி வந்து கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

அளந்து விட்டாள். ஜன்னல் ஓரம் சீட்டு என்றாள்.

ஆரம்பித்தால் விடுமா? மறுநாள் மேனேஜர் அவள் போட்ட கணக்கைப் பார்த்து அசந்துபோனார். அதற்கடுத்த வாரம் முதலாளியே வந்து கை குலுக்கினார். அம்மா இல்லாத வீடு. இருப்பது இரண்டே பேர். சாப்பாட்டோடு தினமும் ஒரு புளுகும் பரிமாறப்பட்டது. படிப்பு முடிந்து வேலை தேடி அலைந்த நாட்களிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. எல்லாக் கம்பெனியிலும் அவளுக்கு வேலை கிட்டத்தட்ட உறுதியான மாதிரிதான்.

முதலில் அப்பா துருவித் துருவிக் கேட்பார். எந்த மேனேஜர், என்ன கணக்கு, நீ எப்படிப் போட்டே. திடீரென்று ஒருநாள் கேள்விகள் நின்றுபோயின. அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் "அடி சக்கை!" என்று தொடையில் தட்டுவார். அதோடு சரி. மனிதர் முழுதாக நம்பிவிட்டார் என்று நினைத்து அவள் நிம்மதியும் பட்டாள், வெட்கமும் பட்டாள்.

இந்த ஒரு உண்மையையாவது கேட்டுவிட்டு அவர் உள்ளே போக வேண்டும்.

குனிந்தாள். "வேலை கெடைச்சிருச்சுப்பா. இப்பதான் மெயில் வந்துச்சு. பாருங்க."

போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். வெறும் கண்ணுக்கு எழுத்து தெரியாது அவருக்கு. கண்ணாடியைக் கழற்றச் சொல்லி அவளிடமே கொடுத்திருந்தார்கள். பையைத் துழாவினாள். துண்டு, மாத்திரை, அவருடைய சட்டை. கண்ணாடியை மட்டும் காணோம்.

லிஃப்ட் வந்து நின்றது.

"அடி சக்கை!" என்றார் அப்பா. தொடையில் தட்டக் கை எழவில்லை; ஊசி குத்தி டியூப் மாட்டியிருந்தது. விரல்கள் மட்டும் அசைந்தன.

அதே குரல். அத்தனை புளுகுக்கும் கொடுத்த அதே சந்தோஷம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"நிஜம்பா. இது நிஜம்."

ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார்கள். கூட வரக்கூடாது என்று நர்ஸ் கை காட்டினாள். கதவு மூடத் தொடங்கியபோது அப்பா அவள் நின்ற பக்கம் தலையைத் திருப்பினார்.

"இந்தத் தடவை பிரிண்டர் பக்கத்துல உக்காராதம்மா. ஜன்னல் ஓரமாவே கேட்டு வாங்கிக்கோ."

கதவு மூடிவிட்டது.

பிரிண்டரைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

அந்த அலுவலகத்தில் ஒருமுறை லிஃப்ட் பழுதாகி, எல்லோரும் படியேறித் திட்டிக்கொண்டே வந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிரே மஞ்சள் பலகை ஒன்றை வைத்துவிட்டு, யாரோ ஒருவர் நாள் முழுக்க லிஃப்டைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருந்தது, ஆளாளுக்கு ஏ-ஃபோர், ஏ-ஃபோர் என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலைதான் அப்பா முதல் தடவையாக ஒரு கேள்வியும் கேட்காமல் "அடி சக்கை!" என்றார்.

கண்ணாடி பையின் அடியில், துண்டு மடிப்புக்குள் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு லிஃப்ட் கதவின் முன்னால் நின்றாள். அவள் கடைசியாகச் சொன்னதை அவர் நம்பினாரா, இல்லை எப்போதும்போல மகள் மனசு நோகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாரா? மேலே வந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியை மாட்டிவிட்டு மெயிலைக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் தேதி அவளுக்கு இடம் காட்டினார்கள். நிஜமாகவே ஜன்னல் ஓரம்.

அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.