எண்பது நிமிஷமும் பெஞ்சில்

"முழு ஆட்டம், எண்பது நிமிஷம், கோச். ஒரே ஒரு நிமிஷம் என்னை இறக்கிவிட்டிருந்தா என்ன குடி முழுகிப் போயிருக்கும்?"

பாஸ்தியான் கத்திய கத்தலில் பக்கத்து அறையில் பாடிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் நிறுத்தினார்கள். உடனே மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். நாற்பத்தோரு வருஷம் கழித்து லாவெரன் ஊருக்கு ரக்பி சாம்பியன் கேடயம் கிடைத்திருக்கிறது. எவன் கத்தினால் அவர்களுக்கு என்ன?

பயிற்சியாளர் அன்செல்ம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். இறுதி ஆட்டத்தில் ஜெயித்த மனிதரின் முகமாக அது இல்லை. செய்த துரோகம் முகத்தில் தெரிகிறது என்று பாஸ்தியான் நினைத்துக்கொண்டான்.

"பத்தொம்பது வருஷம் இந்த கிளப்புக்கு உழைச்சிருக்கேன். மூக்கு ரெண்டு தடவை உடைஞ்சிருக்கு. காதைப் பாருங்க, இது காது மாதிரியா இருக்கு? இந்த சீசனோட நிறுத்திக்கறேன்னு நதேஜ் தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். இனிமே எனக்கு ஃபைனல் எங்கேர்ந்து வரும்?"

"மெதுவாப் பேசேன், பாஸ்தியான்." மனைவி நதேஜ் அவன் கையைப் பிடித்தாள்.

"நீ சும்மா இரு. உங்கப்பா, உன் தம்பி, நம்ம தெருவே பஸ் பிடிச்சு பாரிஸ் வந்திருக்கு. எதுக்கு? நான் பெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதப் பாக்கவா?"

தலை விண்விண்ணென்று தெறித்தது. கோபம் தலைக்கேறினால் அவனுக்கு எப்போதும் அப்படித்தான்.

"இடைவேளைல பத்து பாயின்ட் பின்னாடி இருந்தோம். ‘பதினாறாம் நம்பர், உடம்பச் சூடு பண்ணிக்கோ’ன்னீங்க. நானும் கோட்டோரமா லூசு மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கிட்டு கெடந்தேன். நீங்க என் பக்கம் திரும்பினீங்களா? இதோ, சட்டையப் பாருங்க. ஒரு பொட்டு சேறு இருக்கா?"

இல்லைதான். சட்டை மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது.

"தப்பு என்னோடதுதான்," என்றார் அன்செல்ம். "இன்னிக்கு எனக்குத் தூக்கம் வராது."

"வரக் கூடாது."

இப்படிப் பட்டென்று ஒத்துக்கொள்வார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வந்தவனுக்குச் சண்டையும் கிடைக்கவில்லை என்றால் எரிச்சல் இரண்டு மடங்காகத்தானே ஆகும்?

கதவு திறந்தது. கேப்டன் லோயிக் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். உடம்பெல்லாம் சேறு, கண்ணெல்லாம் சிவப்பு. கேடயத்தைப் பாஸ்தியானின் மடியில் வைத்தான்.

"இதை மொதல்ல நீங்கதான் தூக்கணும்னு எல்லாரும் சொல்லிட்டாங்க, அண்ணே."

பாஸ்தியானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான், இந்தப் பரிதாபத்தைத் தாங்க முடியவில்லை.

"என்னடா, பிச்சை போடறியா? உள்ள போகாதவனுக்கு எதுக்குடா கேடயம்? எடுத்துக்கிட்டுப் போ."

லோயிக் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நதேஜ் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவன் குனிந்து பாஸ்தியானின் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு, கேடயத்தோடு வெளியே போனான்.

சன்னலுக்கு வெளியே மாலை வெயிலில் ஊர்க்கூட்டம் நின்றுகொண்டிருந்தது. "பாஸ்தியான், பாஸ்தியான்" என்று தாளம் போட்டுக் கத்தியது.

"கேட்டீங்களா? நம்ம ஊர்க்காரனுங்களே என்னைக் கிண்டல் பண்றானுங்க. நாளைக்கு ஊர்வலத்துக்கு நான் வரமாட்டேன். கசாப்புக் கடைக்காரன்லேர்ந்து பாதிரியார் வரைக்கும், ‘எப்படிய்யா ஆடினே’ன்னு கேட்பான். என்ன சொல்றது? என் பொண்ணு பள்ளிக்கூடத்துல போய், ‘எங்கப்பா ஃபைனல்ல நல்லா உக்காந்திருந்தார்’னு சொல்லணுமா?"

நதேஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அதைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"பாருங்க, என் பொண்டாட்டிய அழ வெச்சுட்டீங்க. போங்க கோச். கடைசியில எவன் பந்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வெச்சு ஜெயிச்சுக் குடுத்தானோ, அவன்கிட்டப் போய் உக்காருங்க. அவனைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடுங்க. என்கிட்ட என்ன வேலை உங்களுக்கு?"

"அவன் யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"எவனா இருந்தா எனக்கென்ன?"

மறுபடி கதவு திறந்தது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அன்செல்ம் அவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பாஸ்தியானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீதாண்டா அது. கடைசிப் பத்து நிமிஷம் இருக்கும்போது உன்னை இறக்கினேன். மூணு பேரை முதுகுல இழுத்துக்கிட்டே போய்ப் பந்தோட விழுந்தே. விழும்போது ஒருத்தன் முழங்கால் உன் தலையில..." அவர் அவன் சட்டையைப் பார்த்தார். "சேறான சட்டையை டாக்டர் வெட்டி எடுத்துட்டு வேற போட்டுவிட்டார். இந்த ஒரு மணி நேரத்துல இதை உனக்கு நான் சொல்றது இது அஞ்சாவது தடவை."