மன்னிப்புப் பாடம்

லண்டன் கிங்ஸ்பரியிலுள்ள வீட்டின் மேலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, தவராசா கைபேசியில் இணையவழி ஆங்கில வகுப்பில் இருந்தார். அன்றைய பாடம், மன்னிப்புக் கேட்பது. பேசிப் பழகுவதற்காக டீச்சர் எல்லோரையும் சோடி சோடியாகப் பிரித்துவிட்டார். தவராசாவுக்கு வாய்த்தவள் லேசில் விடுகிற ஆளாக இல்லை.

"ஐ ஆம் சொரி."

"கேக்கேல்லை. வடிவாச் சொல்லுங்கோ."

சத்தமாகச் சொன்னார்.

"ஏன் சொரி எண்டும் சொல்லவேணும். டீச்சர் சொன்னவ எல்லே."

அவர் கைபேசியை வாயருகே கொண்டுபோனார். "ஐ ஷவுட்டட் அட் யூ. மை மிஸ்டேக். நெவர் அகெய்ன்."

"ம். பாஸ்."

கீழே குசினி அடுப்படியில், ஒரு கிழமையாக அவரோடு கதைக்காமல் இருந்த மனைவி சுகந்தி, தன் கைபேசியிலும் வகுப்பை நிறுத்திவிட்டு மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"இறங்கி வாங்கோ. புட்டு ஆறுது."