பாடுகிறவனைக் காணோம்

மூன்று பேர் பாடினார்கள்.

நான்காமவனைக் காணோம்.

அவர் பாட்டை நிறுத்தினார். செல்போனைத் தூரப் பிடித்துப் பார்த்தார். அதே பாட்டுதான். படமும் பழைய கேசட் அட்டையில் இருந்த அதே படம். ஒரே துணியில் தைத்த கோட்டுப் போட்ட அமெரிக்கக் கறுப்பு இளைஞர்கள். ஒருவன் முன்னால், மூவர் பின்னால்.

இயர்போனை இரண்டு காதிலும் அழுத்திக்கொண்டு மறுபடி போட்டார்.

தாளம் வந்தது. பின்னால் நிற்கிற மூவரும் பட்டுத்துணியை விரித்துக் காட்டுகிற மாதிரி ‘ஊ’ என்று எடுத்தார்கள். அடுத்து அவன் வர வேண்டும்.

வரவில்லை.

வலது காதில் இருந்ததை இன்னும் அழுத்தினார்.

இடது காது போன வாரம் போயிற்று. விடிந்து எழுந்தார், இல்லை. பாளையங்கோட்டை டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

“அதைக் கணக்குல வைக்காதீங்க அண்ணாச்சி. வலது காதைப் பாத்துக்கோங்க. தெரிஞ்ச சத்தம் ஒண்ணு கேக்காமப் போனா அன்னைக்கே ஓடி வாங்க.”

அன்றிலிருந்து தெரிந்த சத்தங்களையெல்லாம் சோதித்துக்கொண்டிருந்தார். மிளகாய் வத்தலைக் காதோரம் ஆட்டினார். உள்ளே விதை கலகலத்தது. நன்றாகக் காய்ந்த வத்தல். மனைவி சத்தம் போட்டாள். கேட்டது. அதைச் சோதனை என்று சொல்ல முடியாது, தானாக நடப்பது.

மிச்சம் இருந்தது இந்தப் பாட்டு. ஒவ்வோர் இழுப்பும் அவருக்குத் தெரிந்த பாட்டு.

வத்தல் மண்டிக்காரன் கண் போனாலும் பிழைத்துக்கொள்வான். தூத்துக்குடி பஜாரில் ‘கட்டாது, நான் வாரேன்’ என்று எல்லோரும்தான் எழுந்திருப்பார்கள். எவன் நிஜமாகப் போவான், எவன் செருப்பைத் தேடுகிற சாக்கில் நிற்பான் என்பது அந்த ‘வாரேன்’ கம்முகிற இடத்தில் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது.

“ஏட்டி கனி!”

செல்வக்கனி ஈரக் கையோடு வந்தாள்.

“என்னங்க, என்ன செய்யுது?”

“பாடுறவனைக் காணோம்.”

வேறு நாளாக இருந்தால் கேலி செய்திருப்பாள். அவர் முகத்தைப் பார்த்தாள். வலது காதில் இருந்ததை உருவித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

கேட்டாள். தலை லேசாக ஆடியது.

“நல்லாத்தான இருக்கு. நம்ம பாட்டுதான்.”

“பாடுறவன் எங்கட்டி?”

“பாடுதாங்களே, மூணு பேரும்.”

“முன்னால நிக்கானே, அவன்!”

“முன்னால எவன் நின்னான்? எனக்கு எப்பவும் இவ்வளவுதான் கேக்கும்.”

அவர் அவளையே பார்த்தார்.

கல்யாணமான புதிது. அப்பா பொன்னையா இருந்த வீட்டில் பாட்டுக்கு இடமில்லை. பாட்டுக் கேட்கிறவன் கையில் தராசு நிற்காது என்பது அவர் கட்சி. அதனால் மாடி அறை. சாத்திய கதவு. துறைமுக வாசலில் ஒரு கப்பல்காரனிடம் அரைநாள் பேரம் பேசி வாங்கிய வாக்மேன். கொசுறாக வந்த கேசட்.

தலையில் மாட்டுகிற கம்பியை அன்றைக்கே ஒடித்தார். புதுச் சாமானை வாங்கிய கையோடு ஒடித்த வியாபாரி அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். ஒடித்தால்தான் ஒரு காது அவருக்கு, ஒரு காது அவளுக்கு. கட்டிலில் அவர் எப்போதும் இடப்பக்கம். அவள் வலப்பக்கம். அந்தந்தப் பக்கத்துக் காது அவரவருக்கு.

‘என்னமாக் கெஞ்சுதான் பாரு’ என்பார்.

‘கெஞ்சலையே. சமாதானம்லா பண்ணுதாங்க’ என்பாள்.

இவளுக்குப் பாட்டு கேட்கத் தெரியவில்லை என்று அவர் விட்டுவிட்டார். அவளும் அப்படித்தான் விட்டிருக்க வேண்டும்.

அப்பாவுக்கு முன்பே வாக்மேன் போய்ச் சேர்ந்தது. பிறகு மண்டி, பிள்ளைகள், மண்டி. போன மாதம் மகள் இந்தப் பாட்டைத் தேடிப் பிடித்து அனுப்பியபோதுகூட, வத்தல் சீசன் முடியட்டும் என்றார்.

இடது காதில் சும்மா செருகியிருந்ததை இப்போது எடுத்தார்.

வலது காதில் வைத்தார்.

இருந்தான்.

அதே இடத்தில். அதே கெஞ்சல். குரல் உடைவதற்கு ஒரு நூல் முன்னால் போய் நிற்கும், உடையாது. பதிவு செய்த புண்ணியவான் அவனை ஒரு பக்கமும் அந்த மூவரை மறுபக்கமுமாகப் பிரித்து வைத்திருக்கிறான். ஆளுக்குப் பாதிப் பாட்டு.

கைகழுவிவிட்ட தோணி சரக்கோடு துறைக்குள் நுழைந்தால் எப்படி இருக்கும்? அவர் கட்டிலில் சாய்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

“காது இருக்குட்டி. காது இருக்கு!”

“இருக்கட்டும். அவனை இங்க தாங்க. நானும் பாக்கேன்.”

மாற்றிக்கொண்டார்கள். அவருக்கு மூன்று பேர். அவளுக்கு அவன்.

சமாதானம்தான் பண்ணுகிறார்கள். அவள் சொன்னது சரி. பதறுகிறவன் முதுகில் மூன்று கைகள் தடவுவதுபோல இருந்தது.

அவள் தலை இந்த முறை ஆடவில்லை. பாஷை தெரியாது. ஆனால் கெஞ்சுவது எந்தப் பாஷையிலும் கெஞ்சுவதுதான். ஈரக் கையைச் சேலையில் துடைக்கக்கூட மறந்து முடியும்வரை கேட்டாள்.

“இத்தனை வருஷம் இதையா கேட்டுக்கிட்டு இருந்தீங்க?”

“ஆமா.”

“அப்ப எங்கிட்டயும் ஒரு வாட்டி இப்படிக் கெஞ்சிக் கேட்டிருக்கலாம்லா.”

ஒரு சொல்கூட விடுபடாமல் அவருக்குக் கேட்டது.

“என்ன சொன்ன?” என்றார்.

பதில் இல்லாதபோது விலையைத் திரும்பச் சொல்லச் சொல்வது மண்டி வழக்கம். அவள் திரும்பச் சொல்லவில்லை. பாட்டை முதலிலிருந்து போட்டாள்.

வயர் எட்டவில்லை என்று சொல்லிக்கொண்டு அவர் நெருங்கி உட்கார்ந்தார்.

இருவருக்கும் நடுவில் வயர் இன்னும் ஒரு முழம் தொங்கிக் கிடந்தது.