பிரிக்காத பெட்டி

வீடியோ கேம் பொம்மைகளுக்குத் தரச்சான்று எழுதிப் பிழைத்தாலும், அவற்றைக் கட்டிக்கொண்டு அழும் ஆண்கள் என்றால் அவளுக்கு இளக்காரம்தான். இன்று வந்தவர் வாள்வீரன் பொம்மையைப் பெட்டியோடு கைக்குழந்தையைப் போல மேஜையில் கிடத்தினார்.

“பதினோரு வருஷமா பிரிக்கவே இல்ல மேடம். புதுசுன்னு எழுதிக் குடுத்தாதான் கண்காட்சியில சேர்ப்பாங்க.”

கம்பெனி சீல் உடையவில்லை. ஆனால் பெட்டியின் கண்ணாடித்தாள் வழியே பார்த்தால், பொம்மையின் தூக்கிய காலில் பூட்ஸின் அடி தேய்ந்திருந்தது.

“விளையாடிட்டு சீலை மறுபடி ஒட்டி எடுத்துட்டு வந்திருக்கீங்க. யார் காதுல பூ சுத்தறீங்க?”

“அறுத்துப் பாருங்க மேடம். சான்று போனாலும் பரவாயில்ல, பொய்யன்னு பேர் வாங்க மாட்டேன்.”

ஏளனச் சிரிப்போடு அறுத்தாள். பொம்மையைப் பிணைத்த கம்பிகள்கூட அவிழ்ந்திருக்கவில்லை. பெட்டியின் அட்டைத் தரையில், நான்கு ஓரங்களையும் ஒட்டி, நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதை ஒன்று தெரிந்தது.