கடைசி இலை

மாமரத்தின் அடுத்த காய்ப்பில் பங்கு வாங்கியிருந்தது அணில். பங்குக்கு அடையாளம் ஓர் இலை. அதன் விலை பத்துக் கடலை. காற்றில் பூவெல்லாம் கொட்டிப்போன காலையில், விலை சொல்லும் மைனா "ஆறு!" என்று கத்தியது. அணில் தன் இலையை இறுகப் பிடித்துக்கொண்டது.

"இதுக்கே நடுங்குறியே மாப்பிள்ளை! விலை இறங்கும்போது இன்னும் வாங்கு, உன் சராசரி விலை குறையும்" என்று சிரித்தது, முதல் இலையை வாங்க வைத்த அதே குரங்கு.

அணில் வாங்கியது. மறுநாள் மைனா, "மூணு!" என்றது.

குட்டிகளின் மழைக்காலத்துக்கென்று பொந்தில் மிச்சமிருந்த மூன்று கடலையையும் அணில் அள்ளிவந்தது. குரங்கு ஓர் இலையை நீட்டியது.

"மாமா, இப்போ போய் இதை விக்கிறது யாரு?"

குரங்கு கடலையை வாயில் போட்டுக்கொண்டது.

"நான்தான். என்கிட்ட இருந்தது இதோட தீர்ந்துது."