வெள்ளைத் துணி

நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள். பரீத் கரண்டிக் காம்பால் நெம்பி, காரின் பின்கதவில் உள்பக்கம் பொருத்தியிருந்த டோர் பேட் பலகையைக் கிளிப் உடையாமல் கழற்றினார். பழைய துணியை உரித்துவிட்டுப் புது வெள்ளைத் துணி ஒட்டினார். வருசா வருசம் அவரே செய்கிற வேலை.

"கறுப்பு ரெக்சின் போடுங்க அண்ணே, வெள்ளை அழுக்காகும்" என்று கோரிப்பாளையத்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"ஆகட்டும்ப்பா."

பல வருசத்துக்கு முன்னால், ஆறு வயதில் மகள் நஸ்ரின் ஈர மருதாணிக் கையை அந்தக் கதவில் ஊன்றிவிட்டாள். பரீத் கத்தினார். அடுத்த மாதம் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. கறையைப் பார்க்க முடியாமல் அவர் துணியை மாற்றினார். அடுத்த பெருநாள் காலையில், பூட்டிய காருக்குள், புதுத் துணியில் அதே கை பதிந்திருந்தது. கொஞ்சம் வளர்ந்திருந்தது. அப்படிப் பதினேழு துணிகள் பீரோவில் இருக்கின்றன.

இந்தப் பெருநாள் காலையில் தொழுகைக்குக் கிளம்புமுன் பரீத் கார்க் கதவைத் திறந்தார். செக்கச்செவேலென்று இருந்த தடத்தின்மேல் மனைவி முபீனா தன் கையை வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. மோதிர விரலில் மட்டும் சாயம் படாமல் குறுக்கே ஒரு கோடு வெளுத்திருந்தது.

"கல்யாணம் முடிஞ்சிருச்சு போல" என்றாள் முபீனா. "நமக்கு ஒரு வார்த்தை சொல்லலையே."