கிரேடு டூ

விரல் உள்ளே போன பிறகுதான் கேட்டார்கள்.

"வலிக்குதா பெரியவரே?"

பெரியவர் இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களை நெஞ்சுக்கு மடக்கி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வேட்டி காலடியில் சுருண்டு கிடந்தது. மறைப்புத் திரை பாதிக் கட்டிலைத்தான் மறைத்தது. மிச்சத்தைப் பக்கத்துக் கட்டில்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மாணவன் கையுறையைக் கழற்றினான்.

"புராஸ்டேட் எப்படி?"

கேட்டது பேராசிரியர்தான். அவருடைய கைகள் கோட்டுப் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

"வீங்கியிருக்கு சார். கிரேடு டூ."

"வழவழப்பா, கல்லு மாதிரியா?"

"வழவழப்பு சார்."

"நெக்ஸ்ட்."

படுத்திருந்தவர் தலையைத் தூக்கினார். "டாக்டர், ஒரு விஷயம்..."

"அசையாதீங்க. பசங்க படிக்க வேணாமா?"

இரண்டாமவன். மறுபடியும் ஜெல்லியின் குளிர்ச்சி.

கிரேடு டூ.

மூன்றாமவன் விரலை எடுப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டான்.

கிரேடு டூ.

சிறுநீர் அடைத்துக்கொண்டு நேற்று வந்தார். டியூப் போட்டார்கள். வயதைக் கேட்டார்கள். அறுபத்தெட்டு என்றார். அதற்கு மேல் கேட்க யாருக்கும் எதுவும் இல்லை.

அவர் பல்லைக் கடித்தார்.

சந்தையில் மாட்டுக்குக்கூடப் பல்லைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்து ஒரு பெண். மெஹருன்னிசா என்று கூப்பிட்டார்கள்.

"ஐயா, நானும் பார்க்கட்டுமா?"

விரலுக்கு முன்னால் வந்த முதல் கேள்வி. அவர் தலையசைத்தார்.

அவள் விரல் தேடியது. நின்றது. மறுபடி தேடியது.

"சார், எனக்கு ஒண்ணும் தட்டுப்படலை."

"ஏம்மா, விரல் நீளம் பத்தலையா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் கையுறையைக் கழற்றாமல் நின்றாள்.

"நாளைக்குக் காலையிலயே ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பிடுங்க," என்றார் பேராசிரியர். "புராஸ்டேட்டை எடுத்துடலாம்."

கட்டில் கிறீச்சிட்டது.

அவர் எழுந்து உட்கார்ந்தார். டியூபை ஒதுக்கிவிட்டு வேட்டியைக் கட்டினார். அவசரப்படவில்லை. முடிச்சு இறுகும்வரை எல்லோரும் நிற்க வேண்டியிருந்தது.

பேராசிரியர் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

"உன் விரல்ல குறை இல்ல தாயி. அந்தச் சனியனை முழுசா எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு."